யுடிஐடி அட்டை: ஆட்டிசமும் பைபோலாரும் சேர்ந்து உள்ள ஒருத்தியின் மதிப்புரை

மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டையைப் பற்றித் தமிழில் விளக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆட்டிசமும் மனநோயும் ஒரே ஆளுக்கு இருந்தால் இந்தச் சேவை எப்படி நடக்கிறது, கையில் வந்த அட்டை வேலையிடத்தில் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை அந்த நிலையில் உள்ள ஒருத்தியாக எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரி முடிக்கும் வயதில் பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருமுனையப் பிறழ்வு, இருப்பதாகக் கண்டறிந்தார்கள். முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஆட்டிசம் என்பது தெரியவந்தது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுதி உள்ளவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய அட்டை இது. ஆனால் அதை அலுவலகத்தில் காட்டுவதா, யாரிடம் காட்டுவது என்பதை அட்டை கைக்கு வருவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. மனநோய் அப்போதே அதில் இடம்பெற்றிருந்தது; ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த ஏழு வகைகளை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் தனி வகையாகச் சேர்த்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு சதவீத இடஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகிய நான்கையும் ஒரே தொகுதியில் வைத்திருக்கிறார்கள். 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்களை யுடிஐடி இணையதளத்தின் வழியாக மட்டுமே வழங்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஆகவே இந்த அட்டையையும் சான்றிதழையும் ஒரே சேவையாகவே கருதலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

விண்ணப்பிப்பது பெரிய சிரமமில்லை. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றி, குறைபாட்டின் வகையைத் தேர்ந்தெடுத்து, எந்த மருத்துவமனையில் பரிசோதனை வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். மனிதர்களிடம் நேரில் போய் விளக்கத் திணறும் என்னைப் போன்றவர்களுக்கு, வீட்டில் உட்கார்ந்து நிதானமாக நிரப்பக்கூடிய படிவம் என்பதே பெரிய வசதி. இணையம் பழகாதவர்கள் இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். உண்மையான சிக்கல் மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது.

நான் போன மருத்துவமனையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே முதலில் என் கோப்பைப் பார்த்த மருத்துவர், "பைபோலாருக்குத்தான் இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்களே, நல்லாவும் பேசுறீங்க, வேலைக்கும் போறீங்க, அப்புறம் ஆட்டிசம் எதுக்கும்மா?" என்று கேட்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ஏற்கெனவே ஒரு மனநோயின் பெயர் கோப்பில் இருந்தால், அதன்பின் அந்த ஆளிடம் காணும் எல்லாவற்றையும் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதிவிடுவது மருத்துவ உலகில் பழகிப்போன ஒன்று. கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் மனச்சோர்வு, ஒரு விஷயத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசினால் மேனியா எனும் மிகையெழுச்சி, அலமாரியில் பொருள்கள் வைத்த இடத்தில் இல்லையென்று கலங்கினால் ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. இத்தனைக்கும் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமே அல்ல. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்குப் பதற்றக் கோளாறும், 11 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும், 9 சதவீதத்தினருக்கு ஓசிடியும், 5 சதவீதத்தினருக்கு இருமுனைய வகைக் கோளாறும் இருப்பதாக மதிப்பிட்டது.

என் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தவர் அதே மருத்துவமனையின் மருத்துவ உளவியலாளர். அவர் ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு கிழித்து, அதன் கீழே ஐந்து, பத்து, பதினைந்து என்று வயதைக் குறித்துக்கொண்டார். எனக்கு நோய் ஏறி இறங்கிய காலங்களை அந்தக் கோட்டின் மேல் அலைகளாக வரைந்தார். பிறகு என் அம்மாவிடம், அலை எதுவும் இல்லாத வருடங்களில் நான் எப்படி இருந்தேன் என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கு ஆட்டிசம் என்ற சொல்லே புதிது. ஆனால், "கல்யாண மண்டபத்துல கெட்டிமேளம் ஆரம்பிச்சாப் போதும் மேடம், காதைப் பொத்திக்கிட்டு செருப்பு விடுற இடத்துல போய் உக்காந்துக்குவா, புதுப் பாவாடை தச்சுப் போட்டா உறுத்துதுன்னு அழுவா, பழைய கவுனையே துவைச்சுத் துவைச்சுப் போடுவேன்" என்று சொன்னார். உளவியலாளர் அதையெல்லாம் கோட்டின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே பட்டையாகத் தீட்டினார். பைபோலார் வந்து வந்து போவது. ஆட்டிசம் சிறு வயதிலிருந்து இடைவெளியில்லாமல் இருப்பது. அந்தத் தாளைப் பார்த்த பிறகு மருத்துவக் குழுவில் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. பெரியவர்களான பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி இதுதான்: உங்கள் குழந்தைப் பருவத்தைப் பார்த்த ஒருவரை, அம்மாவோ பெரியம்மாவோ பழைய டீச்சரோ, உடன் அழைத்துச் செல்லுங்கள். அது முடியாவிட்டால் அவர் கைப்பட எழுதிய குறிப்பையாவது கொண்டுபோங்கள்.

அடுத்தது அளவிடும் முறை. இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி இதுவே. ஆட்டிசத்துக்கு ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 40 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. கேள்விகளில் பல குழந்தைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. தனியாக, ஒரே மாதிரியாக விளையாடுகிறாரா என்றொரு கேள்வி இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்கு முடிக்கிற ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? விளையாட்டு என்பதை வாழ்க்கை என்று மாற்றிக்கொண்டு கேட்கும் பக்குவம் பரிசோதிப்பவருக்கு இருந்தால்தான் சரியான மதிப்பெண் விழும். இருபது வருடங்களாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும், கை குலுக்கும் நேரத்தில் கையை நீட்டவும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒருத்திக்கு, அந்த உழைப்பே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது.

மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல். தன்னைப் பராமரித்துக்கொள்வது, மனிதர்களுடனான உறவு, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்ற நான்கு தலைப்புகளில் தலா நான்கு மதிப்பெண் வரை தருவார்கள். நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் நான்கு வரை உண்டு. மொத்தம் 20இல் ஏழு வந்தால்தான் 40 சதவீதம் என்ற எல்லையைத் தொட முடியும். வேலையைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு வேலை என்ற தலைப்பில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மாலையில் வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துக் கிடப்பதை எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

இரண்டு சதவீதங்களும் கிடைத்த பிறகு அவற்றைச் சேர்க்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 50ம் 40ம் சேர்ந்தால் 90 வராது, சுமார் 68 வரும். கணக்காக இதில் எனக்கு மறுப்பில்லை. என் மனத்தாங்கல் வேறு. இரண்டு அளவுகோல்களும் உறவு, பேச்சு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆகவே ஒரே சிரமம் சில இடங்களில் இரண்டு முறை பதிவாகிறது. ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிடுவதோ ஒருமுறைகூடப் பதிவாவதில்லை. காலாண்டு முடிவில் அலுவலகத்தில் எல்லா போன்களும் ஒன்றாக ஒலிக்கும். பேன்ட்ரியின் மிக்சி நிற்காது. தலைக்கு மேல் விளக்கு விட்டு விட்டு எரியும். அந்தச் சத்தமும் வெளிச்சமும் இரவில் என்னைத் தூங்கவிடாது. இரண்டு இரவு தூக்கம் கெட்டால் பைபோலார் உள்ளவருக்கு என்ன நடக்கும் என்பதை மனநல மருத்துவர்கள் எல்லாரும் அறிவார்கள்: மேனியா எட்டிப் பார்க்கும். அதற்காக மாத்திரையின் அளவைக் கூட்டினால் பகலில் மந்தம் வரும். மந்தமாக இருக்கும்போது மனப்பாடம் செய்த சிரிப்பும் கைகுலுக்கலும் நினைவுக்கு வராது. உடனே சக ஊழியர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். என் வாழ்க்கையின் பெரும்பாடு இந்தச் சுற்றுதான். இதைக் கேட்கும் ஒரு கேள்விகூட இரண்டு அளவுகோல்களிலும் இல்லை.

அட்டை நிறத்தால் பிரிக்கப்படுகிறது. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகள் மஞ்சளிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் வெள்ளை அட்டை கிடைத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீத எல்லையை எட்டாதவருக்கும் நியாயமான வசதிகளைக் கேட்கும் உரிமை உண்டு என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தேர்வில் நாம் சொல்வதை எழுதித்தர ஒருவரை வைத்துக்கொள்வதைப் பற்றியது என்றாலும், அதன் தர்க்கம் வேலையிடத்துக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது அலுவலகத்துக்கு வருகிறேன். அட்டையில் குறைபாட்டின் வகையும் சதவீதமும் அச்சாகின்றன; பன்முகக் குறைபாட்டுக்கான சான்றிதழில் ஒவ்வொன்றின் பெயரும் அதன் சதவீதமும் தனித்தனி வரிசையில் இருக்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்துக்கொள்ள வழியில்லை. இந்த வடிவமைப்பைத் தீர்மானித்தவர்கள் நம் அலுவலகங்களில் இந்த இரண்டு பெயர்களுக்கும் கிடைக்கும் வரவேற்பு எவ்வளவு வேறுபட்டது என்பதை யோசித்திருக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் சான்றிதழின் நகலைக் கொடுத்துச் சில வசதிகளைக் கேட்டேன். பேன்ட்ரியிலிருந்து தள்ளி ஒரு இருக்கை, வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலிலும் அனுப்புவது ஆகிய இரண்டும் ஒரே வாரத்தில் கிடைத்தன. மனிதவளப் பிரிவில் இருந்த பெண், "என்னென்ன வேணும்னு ஒவ்வொண்ணா எழுதிக் குடுங்க மேடம், எனக்கும் மேலே கேக்கச் சௌகரியமா இருக்கும்" என்று மிகவும் கனிவாக நடந்துகொண்டார். ஆட்டிசம் என்றதும் ஒருவர் என்னிடம் பெரிய பெரிய எண்களைச் சொல்லிப் பெருக்கிக் காட்டச் சொன்னார்; அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத இறுதி இரவு வேலையிலிருந்து விலக்கு கேட்டதற்குக் கிடைத்த பதில் அப்படிப்பட்டதில்லை. இரவு வேலை வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே கையோடு வங்கிப் பணப்பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பை, "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லி என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒரு கூட்டத்தில், ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பதை நான் சுட்டிக்காட்டினேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னைக்கு மாத்திரை போடலையா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கீழ்ப்பாக்கத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். பணம் இரண்டு முறை போனது உண்மைதான் என்பது பிறகு உறுதியானது. ஆனாலும் அந்த ஆண்டு அப்ரைசலில் 'மனநிலை சீராக இல்லை' என்ற வரி இடம்பெற்றது. நியாயமான மறுப்பைக்கூட நோயின் அறிகுறியாக வாசிப்பதுதான் நான் அனுபவித்த களங்கங்களிலேயே மிக ஆழமானது. வசைச்சொல்லுக்குப் பதில் சொல்லிவிடலாம். நாம் சொல்லும் எந்தப் பதிலையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம் என்ன சொல்ல முடியும்?

சட்டம் இந்த இடத்தில் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்றால், அரசுத் துறையில் நிறைய, தனியாரில் கொஞ்சம். நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்ற நேரடியான கடமையைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் மேல்தான் சுமத்துகிறது. தனியார் நிறுவனங்கள் 21ஆம் பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அதில் என்னென்ன வசதிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் சேரும்போதே அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள் என்பது என் ஆலோசனை. பொதுப் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று 92ஆம் பிரிவு சொல்கிறது. அதுவரை போகும் தெம்பு எல்லாருக்கும் இருக்காது. எனக்கு இருக்கவில்லை, வேறு வேலை தேடிக்கொண்டேன்.

தீர்ப்புகளில் நான் அடிக்கடி திரும்பிப் படிப்பது 2021 டிசம்பர் 17 அன்று வந்த ரவீந்தர் குமார் தரிவால் வழக்குத் தீர்ப்பு. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரியான அவருக்கு ஓசிடியும் மனச்சோர்வும் இருந்தன. நடத்தை சரியில்லை என்று அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். மனநலக் குறைபாடு உள்ளவர் அந்தக் குறைபாட்டின் காரணமாகவே மற்றவர்களைவிட எளிதாக இத்தகைய நடவடிக்கைக்கு ஆளாகிறார், ஆகவே இது மறைமுகமான பாகுபாடு என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். குறைபாடு மட்டுமே காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அப்ரைசல் அறையில் உட்கார்ந்து தன் மனநிலையைப் பற்றி அடுத்தவர் எழுதிய வரியை வாசித்த எவருக்கும் அந்த வாக்கியத்தின் அருமை தெரியும்.

பணம் சார்ந்த பயன்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு 40 சதவீதத்திலிருந்து 75,000 ரூபாயும், 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு தந்தது. இத்தகைய கழிவை அலுவலகத்தின் வழியாகக் கோர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது நாமே கோரலாம். சம்பளப் பிரிவுக்கு உங்கள் நோயின் பெயர் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த வழியைப் பின்பற்றலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உண்டு, மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இல்லை. மற்ற மருத்துவக் காப்பீடுகளைப் பொறுத்தவரை, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது. பாலிசி எடுக்கும்போது அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்துக்கு எத்தனை தருவாய் என்று கேட்டால் மூன்று தருவேன். கட்டணமின்மை, இணையவழி விண்ணப்பம், நாடு முழுவதும் செல்லும் ஒரே அட்டை ஆகியவற்றுக்காக அந்த மூன்று. பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆட்டிசக் கேள்வித்தாள் வரும்வரை நான்காவதைத் தர மாட்டேன். குறைபாட்டின் பெயரை அட்டையில் அச்சிடாமல், தேவைப்படும் அலுவலர் மட்டும் எண்ணை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வரும்வரை ஐந்தாவதைத் தர மாட்டேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. நிலைமை மாறக்கூடும் என்று குழு கருதினால் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். பைபோலார் போல ஏறி இறங்கும் நோய்களில் அது எதிர்பார்க்கக்கூடியதே. அப்படித் தந்தால் காலாவதித் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். மறுபரிசோதனை நாளில் நீங்கள் நன்றாக இருக்கும் பருவமாகவும் இருக்கலாம். குழு பார்ப்பது அந்த ஒரு நாளைத்தான். ஆகவே மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் தங்கிய சான்றுகள், விடுப்புக் கடிதங்கள், தூங்காத இரவுகளைக் குறித்த நோட்டு ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி ஒரே கோப்பில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து, அசலை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.